வெறும் உமியை இடித்த வெள்ளெலி

கண்மாய்க் கரையை ஒட்டிய முட்காட்டில் ஒரு வெள்ளெலி இருந்தது. அதன் பெயர் பொன்னுருவி. அதன் கணவனை முந்தின வருசக் கோடையில் ஆந்தை தூக்கிக்கொண்டு போய்விட்டது. மிச்சம் இருந்தது மூன்று குட்டிகளும் ஒரு வளையும்தான்.

காலையில் பொன்னுருவி வேப்பமரத்தடிக்குப் போகும். உதிர்ந்து கிடக்கும் வேப்பங்கொட்டைகளைப் பொறுக்கும். பொழுது சாய்ந்ததும் பெருச்சாளி மொக்கையப்பரிடம் கொண்டுபோய்க் கொடுத்துக் கம்பு வாங்கி வரும்.

அறுவடைக் காலத்தில் களத்துக் கம்பையெல்லாம் தன் வளைக்குள் வாரிப் போட்டுக்கொண்டவர் இந்த மொக்கையப்பர். காட்டில் தானியம் வைத்திருந்தது அவர் ஒருவர்தான். வேப்பங்கொட்டையை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்தாரோ, அது அவருக்கே வெளிச்சம்!

அவர் கடையில் இரண்டு விலை. சிரட்டை நிறைய வாங்கினால் மலிவு. ஒரு வேளைக்கு மட்டும் அரசிலையில் பொட்டலமாக வாங்கினால் விலை ஏகப்பட்டது. ஆனால் ஒரு சிரட்டைக்கு வேண்டிய கொட்டையைச் சேர்க்க மூன்று நாளாவது ஆகும். குட்டிகளுக்கு இன்றைக்கே பசிக்கிறதே! அதனால் பொன்னுருவி தினமும் பொட்டலம்தான் வாங்கியது. அதிக விலை கொடுப்பது தெரிந்தேதான் வாங்கியது.

இதைவிடப் பெரிய கவலை ஒன்றும் அதற்கு இருந்தது. இந்தச் சங்கதி அக்கம்பக்கத்துக்குத் தெரிந்துவிட்டால்?

புதரின் அந்தப் பக்கம் கவுதாரி ராக்கம்மா தன் குஞ்சுகளோடு குடியிருந்தது. மேலே கருவேல மரப் பொந்தில் அணில் சோணையின் குடும்பம். இவர்கள் காதில் விழ வேண்டும் என்பதற்காகவே பொன்னுருவி வளை வாசலில் வெறும் உமியைப் போட்டு இடிக்கும். உள்ளே ஒரு மணி கம்பு இருக்காது. சத்தம் மட்டும் ஊரைக் கூட்டும்!

"என்ன பொன்னுருவி, வீட்டுல விசேஷமா?" என்று கேட்கும் ராக்கம்மா.

"ஆமாக்கா! ஆக்குறது எல்லாம் மிஞ்சிப் போகுது. தின்ன ஆளில்ல!"

ராக்கம்மா மட்டும் லேசுப்பட்டதா? "எங்க வீட்டுலயும் அதே கதைதான்! வயிறு முட்டத் தின்னுட்டுக் குஞ்சுக எந்திரிக்கவே மாட்டேங்குதுக!"

சோணை தன் பங்குக்குக் கிளையில் உட்கார்ந்து காடே கேட்கும்படி ஏப்பம் விடும்.

கடைக்குப் போவதைக்கூட யாரும் பார்த்துவிடக் கூடாது என்று பொன்னுருவி முள்ளுக்குள் புகுந்து கொல்லை வழியாகப் போகும். உடம்பெல்லாம் கீறல். கேட்டால், "குட்டிக விளையாட்டுக்குப் பிறாண்டிருச்சு" என்று சொல்லிவிடும்.

புரட்டாசி முடிந்தது. எறும்புகள் முட்டைகளைத் தூக்கிக்கொண்டு மேடு ஏறின. அதைப் பார்த்ததும் பொன்னுருவி கணக்குப் போட்டது. மழை பிடித்துக்கொண்டால் வெளியே கால் வைக்க முடியாது. கொட்டை பொறுக்க முடியாது. மொக்கையப்பரும் வாசலை மண்ணால் அடைத்துவிடுவார். மழை விடும்வரை குட்டிகளுக்கு எதைக் கொடுப்பது?

"ஐயா, ஒரு சிரட்டைக் கம்பு குடுங்க! மழை விட்டதும் கொட்டை பொறுக்கித் தந்துடுறேன்" என்று கெஞ்சியது.

"மழை முடியுறப்ப நீ உசிரோட இருப்பேன்னு என்ன நிச்சயம்?" என்றார் மொக்கையப்பர். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. வியாபாரம் பேசுகிற குரலில்தான் சொன்னார்.

பொன்னுருவி பட்டினி கிடந்து கொட்டை சேர்க்கப் பார்த்தது. அன்று குட்டிகளுக்கும் அரை வயிறுதான். கடைசிக் குட்டி பழைய பொட்டலத்து இலையை எடுத்து நக்கிக்கொண்டிருந்தது. பொன்னுருவிக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. சேர்த்த கொட்டையை அள்ளிக்கொண்டு ஓடிப் போய்ப் பொட்டலம் வாங்கி வந்துவிட்டது.

ஒருநாள் உச்சிப்பொழுதிலேயே வானம் கறுத்தது. பொன்னுருவி கையில் இருந்த கொட்டையோடு கடைக்கு ஓடியது. ஓடிப் போனால் அங்கே ராக்கம்மா நிற்கிறது! சோணையும் நிற்கிறது! இரண்டு பேர் கையிலும் சின்னச் சின்ன மூட்டை.

"ஒரு விருந்தாளி வந்திருக்காக. அதான்..." என்று இழுத்தது ராக்கம்மா.

"நான் சும்மா இந்தப் பக்கமா வந்தேன்" என்றது சோணை.

மொக்கையப்பர் அதற்குள் வாசலுக்கு மண் தள்ள ஆரம்பித்திருந்தார். "சீக்கிரம் சொல்லுங்க! ஆளுக்கொரு பொட்டலம்தானே? இதோட மழை விட்டுத்தான் கடை!"

ஒரு பொட்டலம் இன்றைக்குப் போதும். நாளைக்கு? மானம் போனால் போகட்டும் என்று பொன்னுருவி வாயைத் திறந்தது.

"அக்கா, என் வீட்டுல ஒரு மணி கம்பு இல்ல! நான் தினமும் இடிக்கிறது வெறும் உமி!"

ராக்கம்மா தன் மூட்டையைக் கீழே வைத்தது. பிறகு மெதுவாக, "என் குஞ்சுக வயிறு முட்டி உக்காரலடி. பசியில எந்திரிக்க முடியாம உக்காந்திருக்குதுக" என்றது.

சோணை தலையைக் குனிந்துகொண்டது. "என் ஏப்பமும் வெறும் காத்துதான்."

முதல் தூறல் விழுந்தது. பொன்னுருவி தன் மூட்டையைப் பிரித்துத் தரையில் கொட்டியது. "உங்க கொட்டையையும் இதுமேல கொட்டுங்க!" என்றது. மற்ற இரண்டும் கொட்டின. ஒரு சிரட்டைக்கு வேண்டியது சேர்ந்துவிட்டது.

"இது செல்லாது! சிரட்டைக் கம்பு ஒரு வீட்டுக்குத்தான்!" என்று பதறினார் மொக்கையப்பர்.

"அப்படின்னு யாரு சொன்னது? விலை இந்தா இருக்கு. அளங்க!" என்றது ராக்கம்மா, இறக்கையை விரித்துக்கொண்டு. அவர் முணுமுணுத்துக்கொண்டே அளந்தார்.

தண்ணீர் ஏறாத இடம் என்று சோணையின் பொந்தில் கம்பை வைத்தார்கள். மழை விட்டபாடில்லை. பெரியவர்கள் பாதி நாள் பச்சைத் தண்ணீரோடு படுத்தார்கள். "இன்னும் இருக்கா?" என்று பொன்னுருவி தினமும் கேட்கும். "இருக்கு... கொஞ்சம்" என்று சோணை சொல்லும். சிரட்டை காலியான மறுநாள் காலையில் வெயில் அடித்தது.

மூன்று வீட்டுப் பிள்ளைகளும் வெளியே வந்தன. மெலிந்துதான் இருந்தன. ஆனால் எல்லாம் உயிரோடு இருந்தன. பொன்னுருவிக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. ராக்கம்மாவோ முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதது.

"ஏன்க்கா அழுற? எல்லாம் பிழைச்சிருச்சே!"

"போன வருச மழையில என் கடைசிக் குஞ்சு பசியிலதான் செத்துச்சு. உன் வீட்டுல இடிக்கிற சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. இருக்கிற வீட்டுல போய்க் கையேந்த எனக்குக் கூச்சம்."

போன வருச மழையிலும் பொன்னுருவி இடித்தது வெறும் உமிதான்.

நம் வீட்டு இல்லாமையை வெளியே தெரியாமல் மூடி வைத்தால் ஒவ்வொரு வீடும் தனித்தனியாகப் பட்டினி கிடக்கும். வெட்கப்படாமல் சொன்னால்தான் சேர்ந்து பிழைக்க வழி கிடைக்கும்.