மகுடபதி நின்ற இடம்

கோத்தகிரிக்கு மேலே ஒரு சின்னப் பிரார்த்தனைக் குடில். அதை நடத்தி வந்தவர் உலகம்மை அம்மா. மனசு சரியில்லாதபோதெல்லாம் மகுடபதி அங்கே போய்விடுவார். அவருக்கு வயது அறுபத்து நாலு; அம்மாவைவிடப் பத்து வயது மூத்தவர். கோல்ஃப் ஆடியே பிழைத்த மனிதர். வீட்டில் முப்பத்தொரு கோப்பைகள், அலமாரி கொள்ளவில்லை. ஆனாலும் அம்மா முன்னால் வந்தால் முதல் நாள் பள்ளிக்கூடம் வந்த பிள்ளை மாதிரிதான் நிற்பார்.

அன்று சாயங்காலம் கரண்ட் இல்லை. மேற்குப் பார்த்த ஒற்றைக் கதவு அறை. அம்மா தரையில் உட்கார்ந்து, கிழிந்த கம்பளி ஒன்றை மடியில் போட்டுக்கொண்டு, ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார்.

"வாங்க. உட்காருங்க."

"இருக்கட்டுங்கம்மா. நின்னுட்டே சொல்லீர்றேன்."

வாசற்படியிலேயே நின்றுகொண்டார். உட்கார மனசு வரவில்லை.

"நாளைக்கு எனக்கொரு பாராட்டு விழாங்க. புதுசா ஆட வர்றவங்களுக்கு, ஜெயிக்கிறது எப்படின்னு நாலு வார்த்தை சொல்லணுமாம். என்ன சொல்றதுன்னு உங்களைக் கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

"எனக்கு அந்த ஆட்டமே தெரியாதே! பந்தைக் கண்காணாத தூரத்துக்கு அடிச்சுட்டு, அப்புறம் நாமளே அதைத் தேடிக்கிட்டுப் போறது. அதுதானே?"

மகுடபதி சிரித்துவிட்டார். "அதேதானுங்கம்மா. அதுக்குத்தான் நாப்பது வருஷம்."

அம்மா நூல் நுனியை நாக்கில் நனைத்து ஊசிக்குக் கொண்டுபோனார். தப்பிவிட்டது.

"நீங்க எப்படி ஜெயிச்சீங்களோ, அதைச் சொல்லுங்க."

"பயிற்சி, பொறுமை... அதெல்லாம்தானுங்க." கதவு நிலையில் கையை ஊன்றிக்கொண்டார். "ஒரு பெரிய கோப்பை இருக்குதுங்க. அதை மட்டும் அப்படி ஜெயிக்கலை. என் சம்சாரம் அதைத்தான் எடுத்து முன்னால வெப்பா. நான் பின்னால தள்ளி வெப்பேன். இருபத்து மூணு வருஷமா இதே கூத்துங்க."

அம்மா மறுபடி நூலை நனைத்தார். மறுபடியும் தப்பியது. பாவம், கண் மங்கிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார் மகுடபதி.

"நல்ல கண்ணாடி ஒண்ணு வாங்கியாரட்டுங்களாம்மா?"

"கண்ணு நல்லாத்தான் இருக்கு. நீங்க சொல்லுங்க."

"கடைசிக் குழிங்க. நான் ஒரு அடி கம்மியா அடிச்சு முன்னால இருந்தேன். எதிராளி போஜன். அவர் பந்து குழிக்கு நாலு முழத்துல கிடந்தது. மெதுவா உருட்டிக் குழியில விழுந்துட்டா ரெண்டு பேரும் சமம். இன்னொரு குழி ஆடணும். எனக்கு அன்னிக்கு இடுப்பு வலி உயிர் போகுது. இன்னொரு குழின்னா தோத்திருப்பேன்."

"ம்."

"அடைமழை விட்டு, இதே மாதிரி சாயங்கால வெயில். என் நிழல் நீளமாப் போயி, அவர் பந்து உருளற வழியில விழுந்து கிடந்தது. அடுத்தவன் வழியில நம்ம நிழல் விழக்கூடாதுங்கறது எங்க ஆட்டத்துல மரியாதை. விதி இல்லைங்க, மரியாதைதான். தன்னால விலகிக்கணும்."

"விலகலையா?"

"அடுத்தவன் அடிக்கப் போறப்ப அசையக்கூடாதுங்கறதும் ஒரு மரியாதைங்க." குரல் இறங்கிவிட்டது. "அதைப் பிடிச்சுக்கிட்டு அசையாம நின்னேன்."

அம்மா இன்னொரு தடவை கோத்துப் பார்த்தார். நூல் நுழையவில்லை.

"நான் ஒண்ணும் பண்ணலைங்கம்மா. சும்மாதான் நின்னேன்."

"அவர் பாத்தாரா?"

"நிழலைப் பாத்தாருங்க. என் முகத்தைப் பாக்கலை. குனிஞ்சு உருட்டினாரு. கட்டை விரல் அகலத்துல தள்ளிப் போயிருச்சு. தொப்பியைக் கழட்டிட்டு வந்து கை குடுத்தாரு. 'நல்லா ஆடுனீங்கண்ணா'ன்னாரு."

"இப்ப எங்கே இருக்கார்?"

"இங்கேதான், கூப்பிடு தூரத்துல. நாளைக்கு எனக்குச் சால்வை போடறதே அவர்தானுங்க. நான்தான் போடுவேன்னு அவரே கேட்டு வாங்கினாராம்."

அம்மாவைப் பார்க்க முடியாமல் தலையைத் தொங்கப்போட்டார்.

அப்போதுதான் கண்ணில் பட்டது. அவர் காலடியில் தொடங்கிய நிழல், சாணம் மெழுகிய தரையில் நீண்டு போய், கம்பளிமேல் ஏறி, அம்மாவின் விரல்களையும் ஊசியையும் மூடிக் கிடந்தது.

பதறிப்போய் ஓரமாக விலகினார். வெயில் அம்மாவின் மடியில் விழுந்தது. நூல் முதல் தடவையிலேயே ஊசிக்குள் போனது.

"ஐயோ, இவ்வளவு நேரமும் மறைச்சுட்டு நின்னிருக்கேனே! தள்ளி நில்லுன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதுங்களாம்மா?"

"அவரும் சொல்லலையே."

அம்மா கிழிசலைத் தைக்கத் தொடங்கினார். மகுடபதி அந்த ஓரத்தில் நின்றபடியே கேட்டார்.

"நாளைக்கு அத்தனை பேர் முன்னால அவர் சால்வையோட வந்து என் எதிர்ல நிப்பாருங்கம்மா. நான் என்ன செய்யட்டும்?"

அம்மா தையலை நிறுத்தாமல் கேட்டார்:

"இப்ப நிழலைப் பாத்ததும் என்ன செஞ்சீங்க?"