ஊர் வாய் நின்ற இடம்

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். எதைப் பற்றிப் பேச்சு வந்தாலும் அதைக் கண்ணெதிரே கொண்டுவந்து நிறுத்தச் சொல்வது அவர் வழக்கம். மழை என்றால் மேகத்தை இறக்கிக் காட்டச் சொல்வார். அவரிடம் விகடம் சொல்லிப் பிழைத்தவன் குழைக்காதன்.

அரண்மனை நெற்களஞ்சியத்தைக் கவனித்தவர் சிதம்பரநாதர். ஒருநாள் விடிகாலையில் அவர் மனைவி பிரமு இறந்துபோனாள். நெஞ்சு நோய் என்றார் வைத்தியர். ஆனால் சிதம்பரநாதர் அழவில்லை. அது போதாதா? அவரே கொன்றுவிட்டார் என்று பேச்சு கிளம்பியது.

சாவு வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. அக்கம்பக்கத்தார்தான் சோறு கொண்டுபோவார்கள். அந்த வீட்டுக்கு யாரும் போகவில்லை. சோற்றுச் சட்டியோடு புறப்பட்ட குழைக்காதன்கூட, தெருமுனையில் நாலு பேர் பார்ப்பதைக் கண்டு திரும்பிவிட்டான். அந்தச் சோறு அவன் தொண்டையிலும் இறங்கவில்லை.

மறுநாள் நியாயம் கேட்டு அரண்மனை வாசலில் கூட்டம் கூடியது.

"கண்டவர் யாரென்று கேட்காமல் தண்டிக்கலாமா, அரசே?" என்றான் குழைக்காதன்.

அவன்மேல் அரசருக்கிருந்த பிரியம் மந்திரி அனந்தமூர்த்திக்கு நெடுநாள் உறுத்தல். "ஊர் வாயே சொல்கிறது, பிரபு. வேறு சாட்சி எதற்கு?" என்றார்.

"அப்படியானால் அந்த ஊர் வாயை மாலைக்குள் என்முன் கொண்டுவந்து நிறுத்து, குழைக்காதா. முடியாவிட்டால் சிதம்பரநாதருக்குக் கழுமரம், நீ நாட்டை விட்டுப் போ" என்றார் அரசர்.

குழைக்காதன் வாசலுக்கு வந்தான். முன்னால் நின்ற பூக்காரியிடம், "ஒனக்கு யாரு தாயி சொன்னது?" என்றான்.

"எண்ணெய்க்காரருதான்."

"அப்ப அவரு துண்டு நுனியப் பிடிச்சுக்க."

"நான் மட்டும் கண்டேனா? காவக்காரன் சொன்னான்" என்று எண்ணெய்க்காரர் அவன் துண்டைப் பிடித்தார். காவற்காரன், வெற்றிலைப் பெட்டி சுமக்கும் சேவகனைப் பிடித்தான். வரிசை நெளிந்து நெளிந்து சபைக்குள் நுழைந்தது. சேவகன் குனிந்தபடியே மந்திரியின் பட்டு அங்கவஸ்திரத்தைப் பிடித்தான்.

"நானாகச் சொல்லவில்லை. கேட்டதைத்தான் சொன்னேன்" என்றார் மந்திரி.

"யாரிடம் கேட்டீர்களோ, அவருடையதைப் பிடியுங்கள் சுவாமி."

மந்திரியின் கை சிம்மாசனத்தை நோக்கி நீண்டு, பாதியில் நின்றது.

அரசருக்கு நினைவு வந்தது. சாவுச் செய்தி வந்தபோது, வெற்றிலையை மென்றுகொண்டே அவர் சொன்னார்: "நேற்றுகூட அவளைக் கோயிலில் பார்த்தேனே. இதில் என்னவோ இருக்கிறது."

"ஊர் வாய் என் வாய்தானா?" என்று அரசர் சிரித்தார். யாரும் கூடச் சிரிக்கவில்லை. அவர் சிரிப்பும் நின்றது. வைத்தியரை அழைத்து, முதன்முறையாக முழுவதும் கேட்டார். பிறகு குழைக்காதனிடம் பொற்கிழியை நீட்டினார்.

"இது வேண்டாம், அரசே. ஒரு சட்டி ரசஞ்சோறு கொடுங்கள். நீங்களே சுமந்து வாருங்கள்."

சிதம்பரநாதர் வீட்டுக்கு அரசரே சுமந்து போனார். சிதம்பரநாதர் இலைமுன் உட்கார்ந்தார். பரிமாறிப் பழகாத அரசர், என்ன பேசுவதென்று தெரியாமல், "உப்பு சரியாக இருக்கிறதா?" என்றார்.

சிதம்பரநாதரின் கை இலையிலேயே நின்றது. "அவளும் தினம் இப்படித்தான் கேட்பாள். நான் ஒருநாளும் பதில் சொன்னதில்லை" என்றவர், அப்போதுதான் அழுதார்.

குழைக்காதன் வாசலைப் பார்த்தான். பூக்காரியும் எண்ணெய்க்காரரும் மற்றவர்களும், மூடிய பாத்திரங்களோடு, உள்ளே வரலாமா என்று தெரியாமல் நின்றிருந்தார்கள்.

"வாங்க" என்றான். "நேத்தே வந்திருக்கலாம். நானுந்தான்."