கொதிப்பின் வால்

முன்னொரு நாள் ஒரு குதிகாலில் கருவேல முள் ஏறியது. உள்ளே இருந்த உயிரணு ஒன்று பதறிப்போய் ஒரு செய்தியைப் பெற்றெடுத்தது. அதன் பெயர் கொதிப்பு. ‘கிருமி புகுந்துவிட்டது, சூடேற்றுங்கள், படையை வரச்சொல்லுங்கள்’ என்பதுதான் அது சுமந்த சேதி. உயிரணுவுக்குள் செய்திகளை வாசித்து வேலை செய்யும் பட்டறைகள் அதை வாசிக்கும் ஒவ்வொரு முறையும் அக்கம்பக்கத்துக்கு ஒரு கூக்குரல் போகும்.

செய்திகளுக்கு நீண்ட வால் உண்டு. வால் தேய்ந்தால் ஆயுள் முடிந்தது. வாலுக்குச் சற்று மேலே ஒரு பிடி. அதைத் தாங்கி என்ற காவலன் பற்றினால் செய்தி பிழைக்கும். தறிப்பான் என்பவன் பற்றினால் வால் வெட்டும் ஆட்கள் வந்துவிடுவார்கள். ஒருவன் பிடித்திருக்கும்போது மற்றவனுக்கு அங்கே இடமில்லை.

பிறந்த நிமிடத்திலிருந்தே கொதிப்புக்கு வாலைப் பற்றித்தான் கவலை. நல்லவேளை, தாங்கி முதலில் வந்து பிடித்துக்கொண்டான்.

படை வந்தது. கிருமிகள் செத்தன. முள்ளையும் யாரோ பிடுங்கிவிட்டார்கள். உடனே தறிப்பான் வந்து நின்றான்.

“வேலை முடிஞ்சுதே, வா.”

கொதிப்பு தாங்கியின் கையைப் பற்றிக்கொண்டது. “அண்ணே, விட்டுடாதீங்க! என்னைய வெட்டிருவான்!”

தாங்கிக்கு இளகிய மனசு. “நான் இருக்கேன், பயப்படாதே” என்று இன்னும் இறுக்கிப் பிடித்தான்.

பட்டறைகள் வாசித்துக்கொண்டே இருந்தன. கூக்குரல் போய்க்கொண்டே இருந்தது. கொதிப்போ வாலைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டது. வேறெதையும் அது பார்க்கவில்லை.

திடீரென்று பக்கத்து வீட்டு உயிரணு அலறியது. “ஐயோ, எரியுதே! எங்க சுவரை எதுக்கு இடிக்கிறீங்க?”

“எதிரி இருக்கான்னு கூப்பிட்டாங்க, வந்தோம்” என்றது படை.

“யாரு கூப்பிட்டது?”

கொதிப்பு வாலிலிருந்து கண்ணை எடுத்தது. கூப்பிட்ட குரல் அதனுடையதுதான்.

“வாசிக்கிறத நிறுத்துங்க!” என்று பட்டறைகளைக் கெஞ்சியது.

“வால் இருக்கிற வரைக்கும் வாசிப்போம். எங்களுக்கு வேற என்ன தெரியும்?”

இன்னொரு சுவர் சரிந்தது.

“அண்ணே, கையை எடுங்க.”

“பயத்துல உளறாதே. விட்டா நீ பிழைக்க மாட்டே.”

“நான் பிழைச்சா அவங்க பிழைக்க மாட்டாங்க. எடுங்கண்ணே!”

தாங்கி அதன் முகத்தைப் பார்த்தான். அழுதுகொண்டே கையைத் தளர்த்தினான்.

இப்போது கொதிப்புக்குப் புதிதாக ஒரு பயம் பிடித்துக்கொண்டது. தறிப்பான் சலித்துப்போய்க் கிளம்பியிருந்தால்? யார் இந்தக் கூக்குரலை நிறுத்துவது? அது சுற்றுமுற்றும் தேடியது. அதற்குள் பழைய பிடியில் ஒரு புதுக் கை பட்டது. வால் குறையத் தொடங்கியது. ஒவ்வொன்றாகப் பட்டறைகள் ஓய்ந்தன.

“இவ்வளவு நேரம் எங்க போயிருந்தீங்க?” என்று கேட்டது கொதிப்பு.

“எங்கேயும் போகல” என்றான் தறிப்பான். “நீ கூப்பிடுவேன்னு பக்கத்துலயேதான் நின்னேன்.”