அரசர் கூப்பிட்டால் வரும் மழை

முன்னொரு காலத்தில் ஒரு நாடு இருந்தது. எந்த நாடு, எங்கே இருந்தது என்று கேட்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம். எனக்குத் தெரியாது, தெரிந்தாலும் சொல்ல மாட்டேன். அந்த அரசரின் வம்சத்தார் யாராவது சண்டைக்கு வந்தால் நீங்களா வந்து பதில் சொல்வீர்கள்? அரசர் பெயர் வல்லபராயர் என்பது மட்டும் போதும். நல்ல மனிதர்தான். ஆனால் மூக்குக்கு மேல் கோபம் வரும், வந்தால் வாயில் வந்ததெல்லாம் உத்தரவாகிவிடும்.

ஒரு வைகாசி மாதம் அரசருக்குப் பிறந்தநாள் ஊர்வலம். புதிதாக நெய்த சிவப்புப் பட்டுடுத்தி யானைமேல் வந்துகொண்டிருந்தார். எங்கிருந்துதான் வந்ததோ ஒரு கோடை மழை, கொட்டோ கொட்டென்று கொட்டியது. பட்டின் சாயம் கரைந்து அரசரின் தாடியெல்லாம் சிவப்பாக வழிந்தது. வீதியில் நின்ற ஜனங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பொத்தி என்ன பிரயோஜனம்? தோள் குலுங்குவது தெரியாதா?

அரசர் ஈரத்தோடு சபைக்கு வந்து சிம்மாசனத்தில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"என் சொந்த மாமனாரே அனுமதி கேட்டு வாசலில் நிற்கிறார். இந்த மழை மட்டும் தன் இஷ்டத்துக்கு வந்து என் தலையில் விழுகிறது. வயல் காயும்போது கூப்பிட்டால் வருகிறதா? என்ன திமிர்! இதைக் கேட்பாரே இல்லையா?" என்று கத்தினார்.

அந்தச் சபையில் களஞ்சிய அதிகாரி அம்பலவாணர் என்று ஒருவர் இருந்தார். அரசரின் விகடகவி கூத்தபிரானைக் கண்டாலே அவருக்கு வயிறு எரியும். காரணம் உண்டு. நாட்டுக்கே சோறு போட்ட பெரிய ஏரி தூர்ந்து கிடந்தது. மழை பெய்தால் நிற்க இடமில்லாமல் கலிங்கு வழியாக வழிந்து கடலுக்கு ஓடிவிடும். ஒரு வருஷம் கரையை உடைத்து ஊரையே அடித்துக்கொண்டும் போனது. இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் ஏரியில் புழுதி பறக்கும். "ஏரியைத் தூர் வாருங்கள்" என்று கூத்தபிரான் சபையில் கேட்கும்போதெல்லாம், "அப்புறம் பார்க்கலாம்" என்று அம்பலவாணர் தட்டிக் கழித்துவிடுவார். ஏனென்றால் ஏரிக்குள் தூர்ந்த இடத்தில் அவர் வாழை வைத்திருந்தார். குலை குலையாகத் தள்ளிக்கொண்டிருந்தது.

இப்போது அவர் மெல்ல எழுந்தார். "அரசே, மழை தன் பேச்சைக் கேட்கும் என்று நம் கூத்தபிரான் கடைத்தெருவில் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவரிடமே இந்தப் பொறுப்பை ஒப்படைக்கலாமே?"

பச்சைப் பொய். ஆனால் கோபத்தில் இருக்கும் அரசருக்கு ஆள் கிடைத்தால் போதாதா?

"கூத்தபிரானே! இனி மழை எனக்காகக் காத்திருக்க வேண்டும். நான் கூப்பிடும் அன்று வர வேண்டும். வராவிட்டால் உன் தலை உன் கழுத்தில் இருக்காது!"

கூத்தபிரான் தன் கழுத்தை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார். பயம் இல்லாமலா இருக்கும்? இருந்தது. ஆனால் ஏரிக்காக இத்தனை வருஷமாகக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தவருக்கு அது தானாகவே திறந்ததும் தெரிந்துவிட்டது. இந்த முறை விடக் கூடாது என்று அப்போதே மனதில் முடிவு செய்துகொண்டார்.

"உத்தரவு அரசே. மழையிடம் சொல்லிவிடுகிறேன். ஆனால் ஒரு சந்தேகம். காத்திருக்கச் சொன்னால், அது எங்கே உட்காரும்?"

"என்ன உளறுகிறாய்?"

"தங்கள் மாமனார் காத்திருக்க வாசலில் பெரிய மண்டபம் இருக்கிறது. மழைக்கு அப்படி ஒன்று இல்லை. பெரிய ஏரிதான் அதன் ஆசனம். அதில் மண் ஏறி உட்கார்ந்திருக்கிறது. போதாததற்கு வேறு ஒருவரும் உட்கார்ந்திருக்கிறார்."

"என் விருந்தாளியின் ஆசனத்தில் உட்காரும் துணிச்சல் யாருக்கு வந்தது?"

"வாழைமரத்துக்கு, அரசே. யார் வைத்தது என்று களஞ்சிய அதிகாரிக்குத் தெரிந்திருக்கலாம்."

அம்பலவாணரின் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். அரசர் அங்கேயே ஆணை எழுதச் சொன்னார். மழை அரசரின் விருந்தாளி. அரசர் அழைக்கும்வரை ஏரியில் காத்திருக்கும். அதன்மேல் யாரும் கை வைக்கக் கூடாது. ஆசனத்தைச் சுத்தம் செய்ய வீட்டுக்கு ஓர் ஆள் வர வேண்டும். மறுநாளே ஊர் ஊராகப் பறை அறைந்தார்கள்.

ஆணை போட்டால் மண் தானாகவா எழுந்து போகும்? ஏரிக்கு இரண்டு மதகு. மேட்டு மதகு மேலூருக்கு, பள்ள மதகு கீழூருக்கு. ஏரி நிறைந்திருக்கும்வரைதான் மேட்டு மதகில் தண்ணீர் ஏறும். கீழூரார் தங்கள் மதகைத் திறந்துவிட்டால் மட்டம் இறங்கி, மேலூருக்கு ஒன்றும் இராது. இதனால் இரண்டு ஊரும் பெண் கொடுத்துப் பெண் எடுப்பதுகூட இல்லை. கூத்தபிரான் கரையில் கூட்டம் போட்டதும் மேலூர்த் தலைவர் சின்னாண்டி துண்டை உதறித் தோளில் போட்டார்.

"நல்லா இருக்கே நியாயம்! நாங்க மண்ணு சொமக்கணும், கீழூர்க்காரன் நெல்லு அறுக்கணுமா? வேற ஆளப் பாருங்க சாமி."

கீழூர் அங்கம்மா விடுவாளா? தனியாளாக உழுது பிழைக்கிறவள். இடுப்பில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"அறுத்துட்டாலும்! ரெண்டு வருஷமா எங்க ஊர்ல அரிவாள் துருப் புடிச்சுக் கெடக்கு. வீட்டுல கடைசி வெதநெல்லு ஒரு பானை இருக்கு. பசி பொறுக்காம அதையும் பொங்கித் தின்னுறலாமான்னு தெனமும் மூடியத் தொறந்து தொறந்து பாக்குறேன். உங்க ஊர்ல மட்டும் என்ன கொட்டியா கெடக்கு?"

சின்னாண்டி ஊரிலும் அதே பானை, அதே கதைதான்.

கூத்தபிரான் அன்று வேடிக்கை பேசவில்லை. "இருக்கிற விதைநெல் அத்தனையும் இந்த வருஷம் மண்ணுக்குள் போகப் போகிறது. அது பொய்த்தால் என் தலையோடு போகாது. ஆகவே கேளுங்கள். அள்ளுகிற வண்டல் மேலூரின் சரளைக் காட்டுக்கு. மேட்டு மதகுக்கு முதல் முறை. மேலூர் போதும் என்ற பிறகுதான் பள்ள மதகு. பள்ள மதகுக்குக் காவல் மேலூர் ஆள், மேட்டு மதகுக்குக் காவல் கீழூர் ஆள். சரியா?"

"அவுங்க மதகு எங்க கையிலயா?" என்று சின்னாண்டி நம்பாமல் கேட்டார்.

"உங்க மதகு எங்க கையில இருக்குல்ல? அப்புறம் என்ன?" என்றாள் அங்கம்மா.

மறுநாள் காலை மேலூர் வண்டிகள் வந்து நின்றன. ஆனி வெயிலிலும் ஆடிக் காற்றிலும் வேலை நிற்கவில்லை. கூடை, மண்வெட்டி, சும்மாடு, கூழ்ப் பானை, ஒருவரையொருவர் கேலி, நடுவில் சண்டை, மறுபடி வேலை. வாழைத்தோப்பை வெட்டிச் சாய்த்தார்கள். கரையை உயர்த்தி, உடைந்த இடத்தில் களிமண் போட்டு மிதித்தார்கள். வீட்டுக்கு ஓர் ஆள் என்பதால் அம்பலவாணரும் வந்தாக வேண்டியிருந்தது. பட்டு அங்கவஸ்திரத்தைச் சும்மாடாகச் சுற்றிக்கொண்டு அரைக்கூடை மண்ணோடு தள்ளாடினார். "ஐயா, கூடைக்கு அடியில மண்ணு இருக்கா, இல்ல சும்மா தூக்கிட்டு வாறீங்களா?" என்று பெண்கள் கேட்டுக் கேட்டு அவர் மானத்தை வாங்கினார்கள்.

ஆவணியிலும் புரட்டாசியிலும் மழை வெளுத்து வாங்கியது. கரை அசையவில்லை. வந்த தண்ணீரெல்லாம் ஏரியில் நின்றது, பார்க்கப் பார்க்கக் கண் நிறைந்தது. அங்கம்மா கடைசிப் பானையைத் திறந்து விதைத்தாள். கையை உதறிவிட்டு, "இனி வீட்டுல ஒத்த நெல்லு இல்ல" என்று கூத்தபிரானிடம் சொன்னாள். அன்று அவருக்குத் தூக்கம் வரவில்லை.

ஐப்பசி வந்தது. மழை வரவில்லை. அம்பலவாணர் ஏரிக்கு வெளியே புதிதாக வைத்த வாழைக்கன்றுகள் வாடத் தொடங்கின. பட்டப்பகலில் நாலு ஆட்களை அனுப்பிப் பள்ள மதகைத் தூக்கச் சொன்னார். காவலுக்கு இருந்தவர் சின்னாண்டி. ஊராரைக் கூப்பிட்டு அவர்களைப் பிடித்துக் கயிற்றில் கட்டி நேராக அரண்மனைக்கே இழுத்து வந்துவிட்டார்.

"அரசே, காத்திருக்கும் தங்கள் விருந்தாளியை இவர்கள் கையைப் பிடித்து இழுத்திருக்கிறார்கள்" என்றார் கூத்தபிரான்.

"வாழைக்குக் கொஞ்சம் தண்ணீர்தானே அரசே..." என்று அம்பலவாணர் இழுத்தார்.

"என் விருந்தாளியைக் கேவலம் வாழைக்குத் தண்ணீர் ஊற்றவா கூப்பிட்டீர்? தினமும் காலையில் ஏரிக்கரைக்குப் போய் மழையிடம் மன்னிப்புக் கேளும்!"

அன்று முதல் களஞ்சிய அதிகாரி கை கட்டி, ஏரியைப் பார்த்து, "மழையே, மன்னித்துக்கொள்" என்று சொல்வதைக் கேட்கவே ஒரு கூட்டம் சேர்ந்தது. மனிதருக்கு உள்ளே பொருமிப் பொருமி நெஞ்சு வெடித்துவிடும் போல ஆகிவிட்டது.

கார்த்திகையும் போய் மார்கழி பிறந்தது. வானத்தில் துளி மேகம் இல்லை. கதிர் வெளியே தலை நீட்டும் சமயம், பயிரின் தாள் சுருள ஆரம்பித்தது. பக்கத்து நாடுகளில் ஜனங்கள் மூட்டை முடிச்சோடு கிளம்பிவிட்டார்கள். அம்பலவாணர் அரசரிடம் ஓடினார்.

"அரசே, மழையை அழைக்க இதைவிட நல்ல வேளை ஏது? எல்லாரும் பார்க்க, வயலிலேயே நின்று அழையுங்கள். வாள்காரனும் கூட வரட்டும்."

அரசர் கீழூர் வயலுக்கு வந்தார். இரண்டு ஊரும் திரண்டு நின்றது. வெடித்துக் கிடந்த மண்ணைப் பார்த்தவுடன் அரசருக்கே முகம் மாறிவிட்டது. உண்மையான வேண்டுதலோடு கையை நீட்டி, "மழையே, வா!" என்றார்.

கூத்தபிரான் கை காட்ட, கரையில் மேட்டு மதகைத் தூக்கினார்கள். ஆனால் அந்தத் தண்ணீர் மேலூருக்கல்லவா போகிறது? கீழூரில் ஒன்றும் காணோம். அம்பலவாணர் வானத்தைப் பார்த்தார், வாள்காரனைப் பார்த்தார், மீசையைத் தடவினார்.

"எங்கே உன் மழை?" என்றார் அரசர்.

"புறப்பட்டுவிட்டது அரசே. முறைப்படி முதலில் மேலூர் போகிறது."

"அதுவரை நான் காத்திருப்பதா?"

"தங்களுக்காக அது இத்தனை மாதம் காத்திருந்தது அரசே."

அங்கம்மா தன் வயலில் ஒரு தாளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்போது மேலூர்ப் பக்கமிருந்து கூப்பாடு கேட்டது. தங்கள் முறை பாதி முடியுமுன்பே, அங்கே தண்ணீர் பாய்ச்ச நின்ற மேலூரார் கையை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தார்கள். "வேரு நனைஞ்சிருச்சு! இன்னிக்கு எங்களுக்குப் போதும்! கீழூருக்கு விடுங்க!" பள்ள மதகின் காவலில் நின்ற சின்னாண்டி, பலகையைத் தானே இழுத்துத் தூக்கினார்.

தண்ணீர் பாய்ந்தது. வாய்க்கால் நுரைக்க, சருகையெல்லாம் தள்ளிக்கொண்டு, வெடிப்புகளில் புகுந்து குபுகுபுவென்று மண் குடிக்கக் குடிக்க, நேராக அரசரிடம் வந்து அவர் காலை நனைத்தது. ஜனங்கள் ஓவென்று கத்தினார்கள். அங்கம்மா வரப்பில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

"மோசடி! இது ஏரித் தண்ணீர்! மழை மேலேயிருந்து விழ வேண்டும்!" என்று அம்பலவாணர் குதித்தார்.

"அரசே, இது ஆவணியில் மேலேயிருந்துதான் வந்தது," என்றார் கூத்தபிரான். "காத்திரு என்றீர்கள், காத்திருந்தது. வா என்றீர்கள், வந்தது. மழைதான் என்பதற்குக் களஞ்சிய அதிகாரியே சாட்சி. தினமும் காலையில் இதை 'மழையே' என்று கூப்பிட்டுத்தானே மன்னிப்புக் கேட்டார்? மேலேயிருந்தே விழவேண்டும் என்றால் தங்கள் தலையில்தான் விழும். மரியாதை தெரிந்துகொண்டு இப்போது காலில் விழுகிறது."

அரசர் குனிந்து நனைந்த காலைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். வாள்காரன் எதற்கு நிற்கிறோம் என்று தெரியாமல் வாளை உறையில் போட்டுவிட்டுத் தானும் சிரித்தான். அரசர் கழுத்து முத்துமாலையைக் கழற்றிக் கூத்தபிரானுக்குப் போட்டார்.

"இன்னும் என்ன வேண்டும், கேள்!"

"மண் ஒவ்வொரு வருஷமும் வந்து ஏரியில் உட்காரும் அரசே. நாங்கள் ஒவ்வொரு வருஷமும் அதை எழுப்ப வேண்டும். முதல் கூடை தாங்கள் சுமந்தால், அப்புறம் பார்க்கலாம் என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வராது."

அந்தத் தை மாதம் இரண்டு ஊரிலும் அறுவடை. முதலில் விதைநெல்லை எடுத்துப் பானையில் கட்டினார்கள், பிறகு சோறு, அதன் பிறகு பக்கத்து நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு அளந்தார்கள். கோடை பிறந்ததும் வல்லபராயர் சொன்னபடி ஏரிக்குள் இறங்கினார். வேட்டியை மடித்துக் கட்டி, தலையில் சும்மாடு வைத்து, கூடையில் இரண்டு வெட்டு மண் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

"ராசா, இருங்க இருங்க!" என்று அங்கம்மா மண்வெட்டியோடு குறுக்கே வந்தாள். "வீட்டுக்கு ஒரு ஆளுன்னா முழுக் கூடைதான் கணக்கு."

சிரித்துக்கொண்டே அரசர் கூடையை இறக்கி வைத்தார். அவள் அதை நிரப்பிக் கொடுத்தாள்.