மந்திரிக்குக் காத்திருந்த மணல்மேடு

ஒரு ஊர்ல ஒரு தலைவர் இருந்தாராம். ரத்தினசபாபதின்னு பேரு. கடலோரத்து ஊரு. முன்னால கடல், பின்னால பெரிய உப்பங்கழி, ரெண்டுக்கும் நடுவுல ஒரு மணல்மேடு. எங்கெங்கயோ பெய்யுற மழைத் தண்ணியெல்லாம் அந்தக் கழிக்குத்தான் வந்து சேரும். அதனால ஐப்பசி பொறந்ததும் ஊர்ச்சனம் மம்பட்டியோட போயி மேட்டைக் கீறி விட்ருவாங்க. சின்ன வாய்க்கா போட்டாப் போதும், மிச்சத்தைத் தண்ணியே வெட்டிக்கிட்டு ஹோன்னு கடலுக்குப் போயிரும். ம் கொட்டுடி, யாருக்குச் சொல்றேன்?

ம்.

அந்த வருஷம் தலைவருக்கு ஒரு யோசனை வந்துச்சு. இவ்வளவு பெரிய காரியத்தைக் கைலி கட்டினவன் செய்யலாமா, மந்திரி வந்து மொத வெட்டு வெட்டுனா எவ்வளவு கௌரவம்னு. டம் டம் டம்முன்னு தண்டோரா போட்டு, எவனும் மம்பட்டியைத் தொடக்கூடாதுன்னுட்டார். அப்புறம் மேட்டு மேலயே பந்தல் போட்டார். பந்தக்கால் ஆடுதுன்னு வண்டி வண்டியா இன்னும் மணலைக் கொட்டுனார். தண்ணி போற வாசலை அடைச்சு, அதுக்கு மேல வரவேற்பு வளைவு கட்டுன புத்திசாலி உலகத்துலயே அவர் ஒருத்தர்தான்.

கழியோரப் பள்ளத்துல பவளக்கொடின்னு ஒருத்தி. புருஷன் வெளியூருக்கு வலை இழுக்கப் போயிட்டான். ஒரு கூரை வீடு, தூளியில ஒரு கைக்குழந்தை, அவ்வளவுதான் அவ சொத்து.

அப்போ மழை பிடிச்சுது. சோ... சோ... வானிலைக்காரங்க மஞ்சள் எச்சரிக்கை விட்டாங்க. தண்ணி அவ வாசப்படிக்கு வந்துச்சு. ஓடிப்போயி, மேட்டை வெட்டி விடுங்க தலைவரேன்னா. மஞ்சள் மங்களகரமான கலராச்சே, போயி விளக்கேத்துன்னார் அவர்.

அப்புறம் ஆரஞ்சு எச்சரிக்கை. தண்ணி உள்ள வந்து, புஸ்ஸுன்னு அடுப்பு அணைஞ்சுது. மறுபடி ஓடுனா. ஆரஞ்சுக்குச் சளி பிடிச்சவங்கதாம்மா பயப்படணும்னார். சுத்தி நின்னவங்க கெக்கெக்கேன்னு சிரிச்சாங்க. சிரிக்கிறதுக்குன்னே நாலு பேரு எப்பவும் அவர் கூட இருப்பாங்க. மந்திரி கிளம்பிட்டாராம், வழியில ஒரு கல்யாணமாம், சாப்பிட்டு வந்துருவாராம்.

தூங்கிட்டியா?

ம்ஹூம்.

அப்புறம் சிவப்பு. களக் களக்குன்னு தண்ணி தூளி வரைக்கும் ஏறிருச்சு. தூளித்துணி ஈரமாகிப் பிள்ளை வீல்னு கத்துச்சு. அள்ளி மாரோட அணைச்சுக்கிட்டு மூணாந்தடவையா போயி நின்னா. தலைவர் அவ மூஞ்சியைக்கூடப் பாக்கலை.

"சிவப்பு கம்பளம் விரிக்கிற கலரும்மா. நல்ல சகுனம்."

அவ பிள்ளையைக் கோயில் மேடையில பக்கத்து வீட்டு அக்கா கையில குடுத்துட்டு, மம்பட்டியைத் தூக்கிட்டா. அவ பின்னாலயே பள்ளத்துப் பொம்பளைங்க அத்தனை பேரும். பந்தலை ஒட்டி சரக் சரக்குன்னு கீறுனாங்க. மொதல்ல தண்ணி நூலாட்டம் போச்சு. அப்புறம் சலசலன்னு. அப்புறம் ஹோஓஓன்னு மேட்டையே அறுத்துச்சு. பந்தல், வாழைமரம், நாற்காலி எல்லாம் தடதடன்னு சரிஞ்சுது. வளைவு மட்டும் 'வருக வருக'ன்னு சொல்லிக்கிட்டே கடலுக்குள்ள போச்சாம்.

சாயங்காலத்துக்குள்ள பள்ளம் வடிஞ்சிருச்சு. அப்போதான் மந்திரி கார் வந்து நின்னுச்சு. வெள்ளம் எங்கன்னு கேட்டார். வரலைங்கன்னார் தலைவர். வராம தடுத்துட்டியே, பலே ஆளுய்யான்னு மந்திரி கல்யாண வீட்டுல தனக்குப் போட்ட மாலையைக் கழட்டித் தலைவர் கழுத்துல போட்டார். தலைவரும் கூசாம கழுத்தை நீட்டுனார். மாலை விழுந்த தெம்புல பவளக்கொடியைக் கூப்பிட்டு விட்டார். பிள்ளையை இடுப்புல வெச்சுக்கிட்டு அவ வந்து நின்னா.

"வெள்ளமே வரலை. எதுக்கும்மா மேட்டை வெட்டிப் பந்தலைச் சாய்ச்சே?"

"ஏதோ ஒண்ணு கடலுக்குப் போயிருக்கும் தலைவரே. என் பிள்ளை போறதுக்குப் பதிலா பந்தல் போகட்டும்னு விட்டேன்."

கூட இருந்த நாலு பேரும் சிரிக்கலை. மந்திரி பிள்ளையைப் பாத்தார், அறுந்த மேட்டைப் பாத்தார், கார்ல ஏறிட்டார். தலைவர் மட்டும் மாலையைக் கழட்டுறதா வேண்டாமான்னு தெரியாம, இருட்டுற வரைக்கும் அங்கயே நின்னாராம்.

ம்... சத்தத்தையே காணோம். தண்ணி கடலுக்குப் போயாச்சு, கதை காதுக்குப் போயாச்சு, நீ தூக்கத்துக்குப் போடி தங்கம்.