கண்ணாடி மாதிரி தண்ணி

"மீன் செத்துக்கிட்டே இருக்கும்மா. நல்ல மருந்தா ஒண்ணு குடு" என்றார் கோதண்டபாணி.

ரெஜினா திரும்பிப் பார்க்கவில்லை. வலையைத் தொட்டிக்குள் விட்டு எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.

கொளத்தூரில் வளர்ப்பு மீன் விற்கிற கடைக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் சாகக் கிடக்கிற மீனுக்கு வழி கேட்டால் எல்லாரும் இந்தச் சின்னக் கடையைத்தான் கை காட்டுவார்கள். ரெஜினாவுக்கு முப்பத்திரண்டு வயது. பேச்சில் சர்க்கரை கிடையாது.

கோதண்டபாணிக்கு அறுபத்து மூன்று. என்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊருக்கெல்லாம் யோசனை சொல்லியே பழகிய மனுஷன். மகள் வயசுப் பெண்ணிடம் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நிற்க அவருக்குப் பிடிக்கவேயில்லை. வேறு வழி இல்லை, நின்றார்.

"எத்தினி செத்துது?"

"ஏழு கோல்டு பிஷ் இருந்தது. இப்ப மூணு."

"இன்னா ஊத்துனீங்க?"

"நீல மருந்து. அப்புறம் கல்லுப்பு. நேத்து வேற ஒரு கடையில மஞ்சப் பொடி குடுத்தாங்க, அதையும் போட்டேன்."

"வேற?"

"வேற ஒண்ணுமில்ல. மேல மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடுது. பாவம், பசின்னு தீனி போட்டேன்."

"எவ்ளோ?"

"கேக்கும்போதெல்லாம்."

ரெஜினா வலையைக் கீழே வைத்தாள்.

"அது பசி இல்ல சார். மூச்சு முட்டுது."

அவர் அவளுடைய தொட்டி மீன்களைப் பார்த்தார்.

"தொட்டித் தண்ணிய ஒரு பாட்டில்ல எடுத்துனு வாங்க. போங்க."

ஒரு மணி நேரத்தில் கொண்டுவந்தார். வந்ததும் பாட்டிலை வெயிலில் தூக்கிப் பிடித்துக் காட்டினார்.

"பாரு, கண்ணாடி மாதிரி இருக்கு. தண்ணியில ஒரு குத்தமும் இல்ல. மீனுக்குத்தான் ஏதோ சீக்கு."

ரெஜினா ஒரு சின்னக் குப்பியில் அந்தத் தண்ணீரை ஊற்றினாள். அதில் இரண்டு மருந்துகளைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்கினாள்.

"நல்ல தண்ணியா இருந்தா மஞ்சளா நிக்கும்" என்றாள்.

பச்சையானது. பார்க்கப் பார்க்கக் கரும்பச்சையானது.

"இன்னாம்மா இது?" கோதண்டபாணிக்கே அவள் பேச்சு ஒட்டிக்கொண்டது.

"அதுங்க கழிச்ச கழிவு. கண்ணுக்குத் தெரியாத விஷமா தண்ணியில நிக்குது. அதுலயே கெடந்து வேவுதுங்க. இத்தினி நாளு அந்த விஷத்த ஒண்ணு தின்னுனு இருந்துச்சு. இப்ப அது இல்ல. இன்னா பண்ணீங்க?"

"நான் என்ன பண்ணேன்? சுத்தமாத்தானே வெச்சிருக்கேன்!"

"எப்ப சுத்தம் பண்ணீங்க?"

அவர் குரல் இறங்கிவிட்டது.

"பதினாறாம் நாள் காரியத்துக்கு முந்தின நாள். சொந்தக்காரங்க வீடு முழுக்கக் கழுவிவிட்டாங்க. தொட்டிய நான் கழுவினேன்."

"யாரு தவறுனது?"

"என் சம்சாரம் வத்சலா. மீனெல்லாம் அவளோடது."

ரெஜினா குப்பியைக் கீழே வைத்தாள். பிறகு கேட்டாள்.

"பில்டர் ஸ்பாஞ்ச இன்னா பண்ணீங்க?"

"அத ஏன் கேக்கிற! ஒரே பழுப்பு, வழவழன்னு. நாலு வருஷமா அவ அதை ஒழுங்காக் கழுவினதே இல்ல. தொட்டியில எடுத்த தண்ணியிலயே ஒரு அலசு அலசித் திரும்ப மாட்டிடுவா. வீடெல்லாம் துடைச்சு வெக்கிறவளுக்கு இதுல மட்டும் என்ன சோம்பேறித்தனம்னு திட்டியிருக்கேன். நான் பிளீச்சிங் பவுடர்ல ஊறவெச்சேன். வெள்ளை வெளேர்னு ஆகிற வரைக்கும் தேய்ச்சேன். அவ மீனு, நல்லபடியா வெச்சுக்கணும்னு..."

ரெஜினா உள்ளே போனாள். ஓடிக்கொண்டிருந்த தொட்டி ஒன்றிலிருந்து ஒரு ஸ்பாஞ்சை உருவி எடுத்தாள். கருப்பட்டி நிறம், சேற்று நாற்றம். அந்தத் தொட்டித் தண்ணீரோடு கவரில் போட்டு முடிச்சுப் போட்டு நீட்டினாள்.

"இத உங்க பில்டர்ல வெச்சுருங்க."

"இந்த அழுக்கையா?"

"இந்த அழுக்குலதான் சார் விஷத்தத் தின்னுற கிருமி இருக்குது. கண்ணுக்குத் தெரியாது. உங்க வூட்டுல அம்மா நாலு வருஷமா வளத்தது இதத்தான். அது இருந்ததால மீன் சொம்மா சுத்தினு இருந்துச்சு."

கோதண்டபாணியின் முகம் சுருங்கிப்போனது. கவரை வாங்கக் கை நீளவில்லை.

"அப்ப நான்தான் கொன்னேனா?"

"ஆமா."

ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவளுக்கு அதெல்லாம் வராது.

"மருந்த எல்லாம் கடாசுங்க. கொழாத்தண்ணிய நேரா ஊத்தாதீங்க, அதுல குளோரின் இருக்கும். புடிச்சு வெச்ச தண்ணி இருக்குதா?"

"டிரம்முல நேத்துத் தண்ணி இருக்கு."

"அத வெச்சு இன்னிக்குப் பாதி மாத்துங்க. நாளையிலேர்ந்து தெனம் மூணுல ஒரு பங்கு. காத்து மோட்டார் நிக்கவே கூடாது. பத்து நாளைக்குத் தீனி கெடையாது."

"பத்து நாளா? செத்துடாதா?"

"போடாததால சாவாது சார். போட்டாத்தான் சாவும்."

நாலாம் நாள் காலையில் கோதண்டபாணி திரும்பி வந்தார். முகச்சவரம் இல்லை. சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது.

"ரெண்டு போயிடுச்சும்மா. ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு."

"தண்ணி மாத்துனீங்களா?"

"தினம்."

"மருந்து?"

"தொடல."

"தீனி?"

அவர் சட்டைப் பொத்தானைத் திருகினார்.

"சார்."

"நேத்து மூணும் தெளிஞ்சிடுச்சும்மா. மேல வரல, கீழ நல்லா நீந்திச்சு. என்னைப் பாத்ததும் கண்ணாடிகிட்ட ஓடி வந்துச்சு. இது மூச்சு இல்ல, நெஜமாவே பசி. எனக்குத் தெரியாதா? ஒரு கை போட்டேன். காலையில பாக்கிறேன், ரெண்டு மல்லாந்து கெடக்கு."

"ஒரு கையா!" ரெஜினா கத்திவிட்டாள். "அவ்ளோ சொல்லி அனுப்புனனே, காது கேக்கலியா உங்களுக்கு? படிச்ச மனுசன்தானே!"

கடையில் மீன் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள். வேறொரு சமயமாக இருந்தால் கோதண்டபாணி அவளை ஒரு வழி பண்ணியிருப்பார். இன்றைக்கு அவருக்குக் கோபம் வரவில்லை. கவிழ்த்து வைத்திருந்த ஒரு வாளியின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"வத்சலாவுக்குக் கிட்னி போயிடுச்சும்மா" என்றார். "ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணி, அதுக்கு மேல ஒரு மடக்குக் கூடக் கூடாதுன்னு டாக்டர் கண்டிப்பா சொல்லிட்டார். கடைசி ரெண்டு நாள் ஆஸ்பத்திரியில தண்ணி, தண்ணின்னு கேட்டா. அதுக்கு மேல நான் குடுக்கல. கேட்டுக்கிட்டேதான் போனா. இப்ப இதுங்க வாயைத் திறந்து வந்து நிக்குது. இதுக்கும் இல்லன்னு சொல்லச் சொல்றியே, என்னால முடியலம்மா."

கடை முழுக்கக் காற்று மோட்டார்கள் ஓடிக்கொண்டிருந்தன. ரெஜினா ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு அவருக்கு எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"டாக்டர் சொன்னது சரிதானே?"

"சரிதான். குடுத்திருந்தா அன்னைக்கே போயிருப்பா. எனக்குத் தெரியும்."

"தெரியுதுல்ல. அப்ப உங்கள அரிக்கிறது அது இல்ல."

"பின்ன என்ன?"

"அவங்க தண்ணி கேக்கறப்போ நீங்க எங்க இருந்தீங்க?"

கோதண்டபாணி நிமிர்ந்து பார்த்தார். துக்கம் விசாரிக்க வந்தவர்களில் ஒருத்தர்கூட அதைக் கேட்டதில்லை.

"வராண்டாவுல" என்றார். "அவ கேக்கிறதக் கேட்டுக்கிட்டு உள்ள நிக்க முடியல. வெளிய போய் ஜன்னலோரமா நின்னுக்கிட்டேன். நர்ஸ் வந்து கூப்பிட்டப்ப எல்லாம் முடிஞ்சுபோச்சு."

வாய்விட்டு அழுதார். கடைக்கு வந்தவர்கள் மெல்ல வெளியே நழுவினார்கள். ரெஜினா நகரவில்லை, தட்டிக்கொடுக்கவும் இல்லை. அழுது முடியட்டும் என்று உட்கார்ந்திருந்தாள்.

"அந்த ஒண்ணை என்ன பண்றது?" என்று கடைசியில் கேட்டார்.

"மொதல்லேர்ந்து. இன்னும் பத்து நாளு."

"அது பொழைக்குமா?"

"தெரியாது."

"அது கேக்குமேம்மா."

"கேக்கும்."

"குடுக்கக் கூடாது."

"குடுக்கக் கூடாது" என்றாள் ரெஜினா. "எழுந்தும் போவாதீங்க."

கோதண்டபாணி வீட்டுக்குப் போனார். சாப்பாட்டு மேஜை நாற்காலி ஒன்றை இழுத்து வந்து தொட்டிக்கு எதிரில் போட்டு உட்கார்ந்தார்.

மீன் வந்தது. கண்ணாடியில் மூக்கு இடிக்க நின்று வாயைத் திறந்தது. மூடியது. திறந்தது.

அவருக்குக் கால் பரபரத்தது. அடுத்த அறைக்குப் போய்விட்டால் தேவலை என்றிருந்தது. நாற்காலியின் விளிம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

மீன் மறுபடியும் வாயைத் திறந்தது.

"கூடாதாம் வத்சலா" என்றார். "நான் இங்கதான் இருக்கேன்."