தையல்சிட்டு இலையைத் தைத்த கதை

பறவையும் மனிதரும் ஒரே பேச்சைப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், கொம்பன்துறை என்ற கடற்கரை ஊரில் செலஸ்தீனாள் என்றொரு பெண் இருந்தாள். கல்யாணப் பெண்கள் மாதா கோவிலுக்குப் போகும்போது தலையில் போடும் லேஸ் முக்காட்டை ஊசியாலேயே பின்னித் தைப்பவள் அவள். கூடவே ஒரு சிட்டும் தைத்தது. அவள் விரல் நுழையாத சின்னக் கண்ணிகளில் சிட்டு தன் அலகை நுழைத்து நூலை இழுத்துக் கொடுக்கும். ஜன்னலுக்கு வெளியே நின்ற பூவரச மரத்தின் கவட்டில்தான் அதன் கூடு. அப்போதெல்லாம் சிட்டின் கூடு மேலே மூடாமல் திறந்தே இருக்கும்.

அந்த வருஷம் செலஸ்தீனாள் தன் சொந்தத் தங்கை மெட்டில்டாவுக்கே முக்காடு தைத்தாள். தாய் தகப்பன் இல்லாத பிள்ளை. மறுநாள் காலை கல்யாணம். முக்காட்டின் நடுவில் ஒரே ஒரு பூ பாக்கி இருக்கும்போது நூல் தீர்ந்துவிட்டது. நூல் கொண்டுவரும் தோணி காற்றுக்குப் பயந்து எங்கோ ஒதுங்கிவிட்டது.

"கழிமுகத்துக்கு அந்தப் பக்கம் இலவங்காய் வெடிச்சுக் கிடக்கு அக்கா" என்றது சிட்டு. "நான் போய்ப் பஞ்சு கொண்டாரேன், நீ திரிச்சுக்கோ. ஆனா கூட்டுல மூணு முட்டை இருக்கு. காக்கா சுத்துது."

"நீ போ. நான் பாத்துக்கிடுதேன்" என்றாள் செலஸ்தீனாள்.

சிட்டு பறந்தது. எதிர்க்காற்று. வெயில் சாய ஆரம்பித்தும் அது வரவில்லை. மெட்டில்டா மூன்று தடவை வந்து எட்டிப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது.

செலஸ்தீனாள் ஜன்னல் வழியே கூட்டைப் பார்த்தாள். முட்டைகளுக்கு அடியில் வெள்ளைப் பஞ்சு மெத்தென்று இருந்தது. ஒரு பூவுக்குப் போதும். சிட்டுதான் நிறையக் கொண்டுவருமே, அப்போது திருப்பி வைத்துவிடலாம். அவள் கையை நீட்டி முட்டைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பஞ்சை உருவினாள். முட்டைகளை வெறும் சுள்ளிமேல் வைத்தாள். திரிக்க உள்ளறைக்குப் போனாள். திரித்தாள், ஊசியில் கோத்தாள், தலை நிமிராமல் தைத்தாள். பூ முடிந்தது.

வெளியே படபடவென்று சிறகடிக்கும் சத்தம். ஓடிவந்து பார்த்தாள். மரத்தடியில் பஞ்சுப் பொதி ஒன்று கிடந்தது. கிளையில் சிட்டு உட்கார்ந்திருந்தது. அலகு திறந்தபடியே இருந்தது. கூட்டில் ஒன்றுமில்லை. நீலம் பாய்ந்த ஓடு ஒரு துண்டு சுள்ளியில் ஒட்டியிருந்தது.

கூரைமேல் இருந்த காக்கை அலகைத் துடைத்துக்கொண்டு சொன்னது: "காவலுக்கு ஆள் இல்லை, மெத்தையும் இல்லை. விட்டுட்டுப் போன கூடுன்னு நினைச்சேன்."

செலஸ்தீனாள் தன் விரல்களைப் பார்த்தாள். பஞ்சு இழை இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"கைவிட்டியா அக்கா?" என்றது சிட்டு. "கைவிட்டியா? கைவிட்டியா?" கேட்டுக் கேட்டு அதன் தொண்டை கம்மியது. சொல் தேய்ந்தது. கடைசியில் "விட்... விட்... விட்" என்று மட்டும்தான் வந்தது. அதற்குமேல் அதனிடம் பேச்சே இல்லை.

சத்தம் கேட்டு மெட்டில்டா வந்தாள். கூட்டைப் பார்த்தாள், முக்காட்டின் நடுவில் இருந்த புதுப் பூவைப் பார்த்தாள்.

"இதை எதுல செஞ்சே?"

செலஸ்தீனாள் பஞ்சு ஒட்டிய விரல்களை முந்தானையில் மறைத்தாள். மெட்டில்டா கத்தரியை எடுத்தாள். "ஐயோ, வேண்டாம்டி!" என்று அக்கா அலற அலற, அந்தப் பூவை வட்டமாக வெட்டி எடுத்துப் பூவரசங்கிளையில் தொங்கவிட்டாள். மறுநாள் நடுவில் உள்ளங்கை அளவு ஓட்டையோடு முக்காடு போட்டுக்கொண்டு கோவிலுக்குள் நடந்தாள். ஊரே அந்த ஓட்டையைப் பார்த்தது.

கல்யாணம் முடிந்து வீடு திரும்பிய செலஸ்தீனாள் ஜன்னலருகே வந்து அப்படியே நின்றுவிட்டாள். சிட்டு அந்தப் பூவின் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தது. இரண்டு பூவரச இலைகளை ஒன்றோடொன்று சேர்த்து, ஓரத்தில் அலகால் குத்தி, நூலை நுழைத்து இழுத்தது. இருவரும் சேர்ந்து முக்காட்டில் போட்ட அதே தையல். பச்சைப் பை ஒன்று உருவானது. சிட்டு அதற்குள் பஞ்சைத் திணித்துத் தானும் இறங்கி மறைந்தது. எது இலை, எது கூடு என்று அவளுக்கே தெரியவில்லை.

அன்று முதல்தான் தையல்சிட்டு இலைகளைத் தைத்து அதற்குள் முட்டையை ஒளித்து வைக்கிறது. முக்காடு தைக்கும் பெண்கள் வேலை முடிந்ததும் மிச்ச நூலை ஜன்னலுக்கு வெளியே கிளையில் போட்டு வைக்கிறார்கள். சிட்டு அதை எடுத்துக்கொள்ளத்தான் செய்கிறது, ஆனால் ஆள் நகர்ந்த பிறகுதான் எடுக்கிறது.